வன்னிக்கு இரு வாசல்கள்

உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகிச் சில வாரங்கள் கழிந்த பின்னர், வன்னியின் குடியேற்றக் கிராமங்களில் ஒரு காட்சியைக் காணலாம். வாய்க்காற்கரை வீடொன்றின் விறாந்தையில் பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூல் விரிந்து கிடக்கும். கணிதப் பிரிவிற் சித்தியெய்திய பிள்ளை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் இருப்பாள். வயலிலிருந்து வந்த தகப்பன் காலிற் சேறு காயுமுன் கேட்பார்: "சேர், எதை முதலாவதாய்ப் போடுறது? மொரட்டுவையையோ, எங்கட கிளிநொச்சியையோ?"

ஆசிரியத் தொழிலில் நாம் இக்கேள்விக்குப் பன்முறை விடை கூறியிருக்கிறோம். கூறிவிட்டு வீடு திரும்பும் வழியில், சரியாகத்தான் கூறினோமா என்று ஐயுற்றதும் உண்டு. ஏனெனில், கேள்வி இரு கட்டடங்களைப் பற்றியதன்று. ஒரு வாசல் பழையது, பெயர் பெற்றது, தூரத்திலுள்ளது. மற்றது புதியது, அண்மையிலுள்ளது, தமக்கென வந்தது என்று மக்கள் கருதுவது. இவ்விரண்டில் ஒன்றைத் தெரிவு செய்யும் நிலைக்கு ஒரு விவசாயியின் பிள்ளை வந்து சேர்ந்ததற்குப் பின்னால் நெடிய வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றை அறியாது கூறப்படும் அறிவுரை வெறும் பெயர்ப்பலகை பார்த்துக் கூறும் அறிவுரையாகவே முடியும்.

இக்கேள்வி வன்னிக்கு மட்டும் உரியதுமன்று. ஒதுக்கப்பட்ட மக்கள் உயர்கல்வியை நாடிய இடமெல்லாம் இது எழுந்திருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் அனுபவம் இதனை மிகத் தெளிவாகக் காட்டுவதால், முதலில் அதனைச் சிறிது நோக்குவோம்.

அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பின்னரும் தென் மாநிலங்களின் கல்லூரிகள் கறுப்பின மாணவருக்குத் திறக்கவில்லை. ஆகவே அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் தோன்றின. 1867இல் வாஷிங்டன் நகரில் ஹவார்ட் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1881இல் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி கல்விக்கூடம் தொடங்கியது. அங்கே மாணவர் தாமே செங்கல் அறுத்துச் சூளையிட்டுத் தம் வகுப்பறைகளைக் கட்டினர். 1890ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அரச நிதி பெறும் மாநிலங்கள் தம் விவசாய, தொழில்நுட்பக் கல்லூரிகளிற் கறுப்பினத்தவரை அனுமதிக்க வேண்டும், இல்லையேல் அவர்களுக்கு வேறு கல்லூரி அமைக்க வேண்டும் என்றது. தென் மாநிலங்கள் இரண்டாவது வழியையே விரும்பின. அவ்வாறு அமைந்தவற்றுள் ஒன்று, 1891இல் உருவான வட கரோலைனா விவசாய, தொழில்நுட்பக் கல்லூரி. ஹவார்ட், டஸ்கீகி, வட கரோலைனா ஆகிய மூன்றும் இன்று பொறியியற் பட்டம் வழங்கும் பல்கலைக்கழகங்கள்.

இக்கல்லூரிகள் எழுந்த காலத்திலேயே ஒரு பெரும் வாதமும் எழுந்தது. டஸ்கீகியின் தலைவர் புக்கர் வாஷிங்டன், கைத்தொழிலும் உழவும் கற்று முதலிற் பொருளாதாரத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்றார். அறிஞர் டூ போய்ஸ் இதனை மறுத்தார். உயர்ந்த அறிவுக் கல்வியையும் அரசியல் உரிமையையும் விட்டுக்கொடுத்துப் பெறும் தொழிற்கல்வி, ஒரு மக்களை என்றென்றும் கூலிகளாக வைத்திருக்கும் தந்திரமாகிவிடும் என்பது அவருடைய அச்சம். கைக்கும் தலைக்கும் இடையிலான வாதமாக இது சுருக்கப்படுவதுண்டு. உண்மையில், வாசலைத் திறந்துவிடுவோர் எந்த வாசலைத் திறக்கிறார்கள், எதனைப் பூட்டியே வைக்கிறார்கள் என்பதைப் பற்றிய வாதம் அது.

1954இல், பாடசாலைகளில் இனவாரியான பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது என அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில ஆண்டுகளிற் பழைய பெரும் பல்கலைக்கழகங்களின் வாசல்களும் ஒவ்வொன்றாகத் திறந்தன. அப்போதுதான் உண்மையான தெரிவு பிறந்தது: அங்கே போவதா, நமது கல்லூரியிலேயே கற்பதா? நமது கல்லூரிகளின் வேலை முடிந்துவிட்டது என்று சிலர் கூறினர். ஆனால் 1960 பெப்ரவரி 1ஆம் நாள், கிரீன்ஸ்பரோ நகரின் உணவுக் கடையொன்றில் வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட இருக்கைகளில் அமர்ந்து எழ மறுத்த நால்வரும், மேலே சொன்ன வட கரோலைனாக் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களே. ஒதுக்குவதற்காகக் கட்டிய மதிலுக்குள்ளிருந்து அம்மதிலை இடிப்போர் புறப்பட்டனர். இன்றும், வேறிடங்களில் இடம் கிடைக்கக்கூடிய பலர் அக்கல்லூரிகளை விரும்பித் தெரிவு செய்கின்றனர். தமிழ்நாட்டிலிருந்து சென்ற தாய்க்குப் பிறந்து, பின்னாளில் அமெரிக்கத் துணைத் தலைவரான கமலா ஹாரிஸ் ஹவார்டில் கற்றவர் என்பதை வாசகர் அறிவர்.

ஆயினும் கதையின் மறுபக்கத்தை மறைத்தலாகாது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த கறுப்பினக் கல்லூரிகளுக்கு, அதே மாநிலத்தின் வெள்ளையர் கல்லூரிகளோடு ஒப்பிடுகையில் உரிய நிதி கொடுக்கப்படவில்லை. மூன்று தசாப்தக் குறைவு மட்டும் 1,200 கோடி டொலருக்கு மேல் என்று, 2023இல் அமெரிக்க மத்திய அரசின் கல்வி, விவசாய அமைச்சர்கள் 16 மாநில ஆளுநர்களுக்கு எழுதினர். நமக்கென ஒரு கல்லூரி இருப்பது ஒன்று. அதற்குரிய ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிதியும் இருப்பது வேறொன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் எந்தக் கல்லூரி வாசலிலும் இன்ன இனத்தார் நுழையலாகாது என்ற பலகை தொங்கியதில்லை. ஆகவே ஒப்புமை முழுமையானதன்று. இங்கே வாசல்கள் வேறு விதமாக அடைக்கப்பட்டன.

1893இல் கொழும்பு மருதானையில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியே இந்நாட்டுப் பொறியியற் கல்வியின் தொட்டில். குடியேற்ற ஆட்சிக்கு வேண்டிய வீதி, புகையிரதப் பாதை, குளம் ஆகியவற்றைப் பேணும் உத்தியோகத்தரை அது பயிற்றியது. பின்னர் அங்கிருந்தே லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பொறியியற் பட்டத்திற்கும் மாணவர் ஆயத்தமாயினர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. 1950இல் அதன் பொறியியற் பீடம் கொழும்பிலே தொடங்கி, 1960களின் நடுப்பகுதியிற் பேராதனைக்குப் பெயர்ந்தது. மற்றொரு பக்கம், 1960இல் கனடாவின் உதவியோடு கட்டுபெத்தையில் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் தோன்றியது. அது 1966இல் இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரியாகவும், 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகமாகவும், 1978இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. ஆக, 1960களின் இறுதியில் ஓர் இலங்கை மாணவன் பொறியியலாளனாக விரும்பினால் அவன்முன் இருந்த வாசல்கள் இரண்டே: பேராதனை, கட்டுபெத்தை.

அவ்வாசல்களில் தமிழ் மாணவர் அன்று பெருந்தொகையாக நின்றனர். 1969-70இல் பொறியியலுக்கு அனுமதி பெற்றோரில் நூற்றுக்கு 48.3 பேர் தமிழர். இதனைச் சிலர் இனத்தின் மூளைத்திறன் என்று பெருமை பேசினர். வேறு சிலர் சூழ்ச்சி என்று தூற்றினர். இரண்டும் பிழை. மிஷன் பாடசாலைகளும் இந்து சபைகளின் பாடசாலைகளும் ஒரு நூற்றாண்டாகக் கட்டிய ஆய்வுகூடங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தன. நிலம் போதாத அம்மண்ணில் அரச உத்தியோகமே பிழைப்பாகவும் இருந்தது. இவ்விரண்டின் விளைவுதான் அந்த விகிதம். ஆய்வுகூடமில்லாத தென்னிலங்கைச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைக்கு அவ்வாசல் எட்டாதிருந்தது உண்மை. வன்னித் தமிழ்ப் பிள்ளைக்கும் அது எட்டாதிருந்தது என்பது அதே அளவு உண்மை. இரண்டாவது உண்மையை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

அநீதியைத் திருத்த வேண்டிய அரசு வேறோர் அநீதியைச் செய்தது. 1971இல் அனுமதிக்கான புள்ளிகள் மொழிவாரியாக வேறுபடுத்தப்பட்டன. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 227 புள்ளி பெற்றாற் போதும். தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டும். கட்டுபெத்தைக்கு அவை முறையே 212, 232. இவ்வெண்களை ஆசிரியர்கள் கரும்பலகையில் எழுதி ஒருமுறை மாணவருக்குக் காட்ட வேண்டும். கட்டுபெத்தையில் நுழையத் தமிழ் மாணவனுக்கு வேண்டியிருந்த புள்ளி, பேராதனையில் நுழையச் சிங்கள மாணவனுக்கு வேண்டியிருந்ததிலும் கூடுதலானது! 240 பெற்ற தமிழ் மாணவன் தன் விருப்ப வரிசையில் எதை முதலில் எழுதினாலென்ன? அவனுக்குரிய கல்லூரியை அவனுடைய மொழி முன்னரே தெரிவு செய்துவிட்டது.

இதுவே தரப்படுத்தல் என்று பெயர் பெற்றது. அடுத்த ஆண்டுகளில் முறை பலவாறு மாற்றப்பட்டது; 1974இல் மாவட்டப் பங்கீடு வந்தது. பொறியியல் அனுமதியில் தமிழரின் பங்கு 1975இல் நூற்றுக்கு 14.2 ஆயிற்று. ஆறாண்டுகளுக்குள் நிகழ்ந்த இவ்வீழ்ச்சி ஒரு தலைமுறையின் நெஞ்சில் என்ன செய்தது என்பதை விரிக்க வேண்டியதில்லை. பின்வந்த முப்பதாண்டுப் போரின் காரணங்களை எண்ணுவோர் எவரும் இதனை விட்டுவிடுவதில்லை.

ஆனால் வன்னியிலிருந்து நோக்கும்போது இக்கதை சற்றே வேறு வடிவங் கொள்கிறது. மொழிவாரிப் புள்ளி வன்னிப் பிள்ளைக்கும் அநீதியே. மாவட்டப் பங்கீடோ, அதே பிள்ளைக்கு முதன்முறையாக ஒரு சிறு கதவைத் திறந்தது. வவுனியா பின்தங்கிய மாவட்டமாகக் கொள்ளப்பட்டது. 1970களின் இறுதியில் உருவான முல்லைத்தீவு மாவட்டமும் அவ்வாறே. கிளிநொச்சியின் நிலை விசித்திரமானது. அது 1984வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. ஆனையிறவுக்குத் தெற்கே, கரைச்சியில், குடியேற்றத் திட்டத்து ஓலைக் கொட்டகையிற் படித்த பிள்ளை, குடாநாட்டின் பெருங்கல்லூரி மாணவனோடு ஒரே பட்டியலிற் போட்டியிட வேண்டியிருந்தது. மாவட்டம் பிரிந்த பின்னரே அப்பிள்ளைக்கு அப்பங்கீடு பயன்பட்டது. இன்றும் பல்கலைக்கழக அனுமதியில் நூற்றுக்கு 40 தேசிய தகுதி அடிப்படையிலும், 55 மாவட்ட அடிப்படையிலும், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்குமாக ஒதுக்கப்படுகின்றன. வன்னியின் மூன்று மாவட்டங்களும் இக்கடைசிப் பிரிவில் அடங்கும்.

ஆகவே ஒரே சட்டம் யாழ்ப்பாணத்து வீட்டிற் கண்ணீரையும் வன்னி வீட்டில் நம்பிக்கையையும் தந்தது. இதனை ஒளிக்க வேண்டியதில்லை. தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் வகுப்பும் சாதியும் பிரதேசமும் அடங்கியிருப்பதை இது நமக்கு நினைவூட்டுகிறது. வன்னியில் வாழ்வோருள், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1977ஆம் ஆண்டு வன்முறையின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய தோட்டத் தொழிலாளரின் சந்ததியினர் பலர். அவர்களுடைய பிள்ளை பொறியியற் பீடத்தின் படியேறுவது, குடாநாட்டு உத்தியோகத்தரின் மகன் ஏறுவது போன்ற நிகழ்ச்சியன்று.

இனி இரண்டாவது வாசலின் கதை. தமிழருக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை 1950களிலேயே எழுந்துவிட்டது. அதைத் திருகோணமலையில் அமைக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். யாழ்ப்பாணத்தில் வேண்டும் என்றனர் மற்றொரு சாரார். தனிப் பல்கலைக்கழகம் கேட்பது, உள்ள பல்கலைக்கழகங்களிலுள்ள உரிமையைக் கைவிடுவதாகும் என்று அஞ்சியோரும் இருந்தனர். டூ போய்ஸின் மொழியில் இல்லையாயினும் அதே வாதந்தான். 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டபோது தமிழரசுக் கட்சியினர் அதனை எதிர்த்தனர். உரிமை கேட்டவருக்கு வளாகம் கொடுத்து வாயடைக்கிறார்கள் என்று அவர்கள் கருதினர். இடதுசாரிகள் பலர் வரவேற்றனர். முற்போக்கு இலக்கிய உலகம் நன்கறிந்த பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதலாவது தலைவரானார். ஐயுற்றவர்களின் சினத்தில் நியாயம் இருந்தது. ஆயினும் திறந்த கதவை மூடாது உள்ளே சென்றவர்களின் செயலையே வரலாறு ஏற்றுக்கொண்டது. 1979இல் அவ்வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால் அங்கே பொறியியற் பீடம் இல்லை. தரப்படுத்தலால் மிகுந்த காயம்பட்ட துறை எதுவோ, அத்துறை நாற்பதாண்டு காலம் வடக்கில் இல்லாதிருந்தது! பொறியியல் கற்க விரும்பிய வன்னிப் பிள்ளை பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ, 1999இற்குப் பின் காலியிலுள்ள ருகுணுப் பல்கலைக்கழகப் பீடத்துக்கோ போக வேண்டியிருந்தது. போர்க்காலத்தில் அப்பயணம் என்பது சோதனைச் சாவடிகளின் வரிசை.

இவ்விடத்திற் பேராசிரியர் அ. துரைராஜாவை நினைக்காமல் மேலே செல்லவியலாது. வடமராட்சியிற் பிறந்து, கேம்பிரிட்ஜில் மண்பொறியியலில் ஆய்வு செய்தவர் அவர். ஈரக் களிமண் பாரத்தின்கீழ் எவ்வாறு நெகிழ்கிறது என்பது பற்றி, ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963இல் அவர் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் மண்பொறியியல் மாணவர் அறிந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்தின் பீடாதிபதியாக இருந்த அவர், 1988இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகி, 1994இல் மறையும்வரை போரின் நடுவே அதனைக் காத்து நின்றார். அவருடைய காலத்தில், 1990இல், கிளிநொச்சியில் விவசாய பீடம் தொடங்கியது. களிமண்ணாற் கட்டிய குளக்கட்டுகளை நம்பி வாழும் வன்னிக்குப் பல்கலைக்கழகம் முதலில் வந்தது அவ்வாறுதான். போர் அப்பீடத்தையும் குடாநாட்டுக்குத் துரத்தியது.

2009இல் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் முட்கம்பி முகாம்களில் இருந்தனர். அவ்வாண்டு ஓகஸ்டில், வவுனியா மெனிக்பாம் முகாமுக்குள்ளேயே மாணவர் உயர்தரப் பரீட்சை எழுதினர். பதுங்குகுழியிற் புத்தகத்தைத் தொலைத்தவர்கள், உறவினரை இழந்து சில மாதமே ஆனவர்கள், கூடாரத்திலிருந்து எழுந்து சென்று வினாத்தாளின் முன் அமர்ந்தனர். இந்நாட்டின் கல்வி வரலாற்றை எழுதுவோர் இந்த நிகழ்ச்சிக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

ஐந்தாண்டுகளின் பின், 2014இல், கண்டி வீதியில் முறிகண்டிக்கும் கிளிநொச்சிக்கும் இடையே உள்ள அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் தன் முதலாவது மாணவரை வரவேற்றது. விவசாய பீடமும் திரும்பி வந்தது. இந்திய உதவியிற் கட்டடங்கள் எழுந்தன. தொழில்நுட்ப பீடமும் அங்கேயே அமைந்தது. 2016இல் ஜெர்மன் உதவியோடு தொழிற்பயிற்சி நிறுவகம் ஒன்றும் அதே நகரில் திறக்கப்பட்டது. வவுனியா பம்பைமடுவில் இருந்த வளாகம் 2021 ஓகஸ்டில் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்தது. அங்கே தொழில்நுட்பக் கற்கைகள் பீடம் உண்டு. பொறியியற் பீடம் இல்லை. வாஷிங்டனும் டூ போய்ஸும் வாதிட்ட இரு கல்வியும் இன்று அறிவியல்நகரில் ஒரே வீதியில் அயலயலாக நிற்கின்றன. உலோகம் ஒட்டுபவனும் பாலம் வரைபவளும் ஒரே பேருந்தில் இறங்குகின்றனர். ஒருவர் மற்றவரைத் தாழ்வாக எண்ணாத நாளிலேதான் அந்நகர் தன் பெயருக்குத் தகுதியாகும்.

இப்போது அந்த விறாந்தைக்குத் திரும்புவோம். எதை முதலில் எழுதுவது?

மொரட்டுவைக்கும் பேராதனைக்கும் உள்ள பலம் மறைக்கத் தக்கதன்று. அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஆய்வுகூடம், பல துறைகளாக விரிந்த கற்கைகள், உலகெங்கும் பரந்த பழைய மாணவர், கொழும்பின் தொழிற்சாலைகளோடும் நிறுவனங்களோடும் உள்ள தொடர்பு ஆகியன ஒரு மாணவனுக்குப் பெருந்துணை. பிற இன மாணவரோடு ஒரே விடுதியில் வாழ்ந்து அவர்தம் மொழியையும் மனத்தையும் அறிவதும் ஒரு கல்வியே. தமிழ்ப் பிள்ளைக்குப் புள்ளி கூட்டிப் பூட்டிய வாசலாதலால், அதனூடு நிமிர்ந்து நடப்பதற்குத் தனிப்பொருள் உண்டு. தகுதி பெற்ற பிள்ளையிடம், உன் இடம் ஊரிலேதான் என்று கூற எவருக்கும் உரிமையில்லை. ஊர்ப்பற்று ஓர் ஏணியாக இருக்கலாம், வேலியாக இருத்தலாகாது.

கிளிநொச்சியின் பலமும் மறைக்கத் தக்கதன்று. வீட்டுக்கு அண்மை என்பது வறியவருக்குச் சிறு காரணமன்று. மாத முடிவில் வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் வாடகையும் பேருந்துக் கட்டணமும் எத்தனை பிள்ளைகளின் படிப்பைத் தீர்மானிக்கின்றன என்பதை ஆசிரியர் அறிவர். பெண் பிள்ளைகளைத் தூரத்துக்கு அனுப்பத் தயங்கும் வீடுகளும் உண்டு. அத்தயக்கத்தை நாம் ஏற்கவில்லை. எனினும் அத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண் பொறியியலாளராக வருவதற்கு அண்மைப் பீடம் வழிசெய்யுமாயின் அது வரவேற்கத்தக்கதே. இரு இடத்திலும் கற்பித்தல் ஆங்கிலத்தில்தான் என்பதையும், பட்டத்துக்குப் பொறியியலாளர் நிறுவகத்தின் அங்கீகாரம் எந்நிலையில் உள்ளது என்பதையும் விண்ணப்பிக்கும் பிள்ளை கேட்டறிய வேண்டும். துறைகளின் எண்ணிக்கை, ஆசிரியர் வெற்றிடங்கள், பயிற்சிக்கு அனுப்பும் இடங்கள் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். பெயரைக் கேட்பதிலும் இவற்றைக் கேட்பது பயனுடையது.

ஆனால் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: கற்ற பொறியியல் எதற்கு?

வன்னியின் வாழ்வு முழுவதும் பொறியியற் பிரச்சினையே. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளிற் கட்டப்பட்ட இரணைமடுக் குளம் கிளிநொச்சியின் உயிர். அதன் வாய்க்கால் வழியேதான் ஊர்கள் பிறந்தன. 2010இற்குப் பின்னரான ஆண்டுகளில் அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு முன்வைக்கப்பட்டபோது, கிளிநொச்சி விவசாயிகள் தம் சிறுபோகம் அழியும் என்று எதிர்த்தனர். குடாநாட்டில் நிலத்தடி நீர் கெட்டுத் தாகம். வன்னியில் வயல் காயும் அச்சம். இரு பகுதியும் தமிழர். இரு பகுதியும் ஏழைகள். ஈற்றிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் தாளையடியிற் கட்டப்பட்டு 2024இல் திறக்கப்பட்டது. அதே இரணைமடுவில், 2018 டிசம்பர் பெருவெள்ளத்தின்போது வான்கதவுகள் திறந்த நேரமும் விதமும் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. எத்தனை அடி நீர் வரும்போது எந்தக் கதவை எந்நேரம் திறப்பது என்பது ஒரு கணக்கு. ஆனால் அக்கணக்கின் விடையாகக் கீழே இருப்பவை மனிதரின் வீடுகளும் மாடுகளும் விதைநெல்லும்.

இக்கணக்கைப் போடுவோர், துருசு எங்கே ஒழுகுகிறது என்பதை வயோதிப விவசாயியிடம் கேட்டறியும் பணிவுடையவராக வேண்டும். அதே வேளை, அவ்விவசாயியின் கோரிக்கையை அமைச்சின் மேசையில் எண்களாக வைத்து வாதிடும் திறனுடையவராகவும் வேண்டும். முதலாவது அறிவியல்நகரிற் கிடைத்து இரண்டாவது கிடைக்காமற் போகலாம். இரண்டாவது மொரட்டுவையிற் கிடைத்து முதலாவது மறந்தும் போகலாம். இரண்டும் உடையவர் எவ்வாசலால் வந்தாலும் அவர் நம்மவரே.

நம்மவர் என்ற சொல்லையும் நாம் சோதித்துக்கொள்ள வேண்டும். அறிவியல்நகரின் வகுப்பறைகளில் இன்று தென்னிலங்கைச் சிங்கள மாணவரும் முஸ்லிம் மாணவரும் அமர்ந்திருக்கின்றனர். நாடெங்கும் ஒரே அனுமதி முறை ஆதலால் அது இயல்பு. இதனைக் கண்டு, நமது பீடம் நம் கையை விட்டுப் போகிறது என்று முணுமுணுப்போர் உளர். 1990இல் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அவ்வாறான காலத்தின் காயங்களிலிருந்து 1995இல் ஒலுவிலில் தென்கிழக்கின் பல்கலைக்கழகம் ஒன்று பிறந்ததையும் நாம் மறந்துவிடலாகாது. ஒதுக்கப்பட்டவர் பிறரை ஒதுக்கும் உரிமையைப் பெற்றுவிடுவதில்லை. 1971இல் நாம் கேட்டது, புள்ளியைப் பார், மொழியைப் பாராதே என்பதுதான். அதை 2014இல் கட்டிய வகுப்பறையில் மாற்றிக் கூற இயலுமா?

நாம் அஞ்ச வேண்டியது வேறு. அண்மைப் பீடம், மற்ற இடங்களில் இடங் கிடையாதவருக்கான இரண்டாந்தர வாசல் என்று மக்கள் எண்ணத் தொடங்குவதே அபாயம். அவ்வெண்ணம் தோன்றினால், நிதி குறைந்தாலும் கேட்பாரில்லை. பேராசிரியர் பதவி வெற்றாகக் கிடந்தாலும் கேட்பாரில்லை. அமெரிக்கக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு நேர்ந்தது அதுதான். ஆகவே, அறிவியல்நகரின் ஆய்வுகூடம் பேராதனையின் ஆய்வுகூடத்துக்கு நிகராக வேண்டும் என்று கேட்பது, அங்கே பிள்ளையை அனுப்பும் பெற்றோரின் கடமை மட்டுமன்று. மொரட்டுவைக்கு அனுப்பும் பெற்றோரின் கடமையுமாகும். இவற்றுக்கு முன்னால் இன்னொன்று: வன்னியின் உட்கிராமப் பாடசாலைகளில் இணைந்த கணிதத்துக்கும் பௌதிகத்துக்கும் ஆசிரியர் இல்லையெனில், இரு வாசலும் வேறு யாருக்கோ திறந்திருப்பனவே. மாவட்டப் பங்கீட்டின் இடங்களை, பரீட்சைக்காக மாவட்டம் மாறி வரும் வசதி படைத்தோர் பறிக்காது காப்பதும் அதனுள் அடங்கும்.

அன்று அந்தத் தகப்பனுக்கு நாம் கூறியது இதுதான்: "புள்ளி எட்டும் இடங்களையெல்லாம் எழுதுங்கள். எதை முதலில் எழுதுவது என்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும். நாங்கள் அவளுக்குக் காரணங்களைச் சொல்லுவோம். பயத்தைச் சொல்ல வேண்டாம்."

அவர் சற்றுநேரம் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ர காலத்தில எழுத ஒரு வரிசையும் இருக்கேல்லை, சேர்" என்றார். பின்னர் எழுந்து விளக்கைப் பிள்ளையின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

அவள் எதை முதலில் எழுதினாள் என்பதை நாம் கேட்கவில்லை. எழுதுவதற்கு இரண்டு இருந்தன. அந்த இரண்டும் ஒன்றாகச் சுருங்காமற் காப்பதே இனி நமது வேலை.